'முடிந்தது' என்று எழுத யாருக்கு உரிமை?

சேதராப்பட்டில் தொழிற்பேட்டையைத் தாண்டினால் நம்ம தெரு. அங்கே கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவன் இருக்கிறான். குறை கேட்கும் உதவி எண் ஒன்றை எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. எந்த எண் என்று சொன்னால் அவன் சோற்றில் மண் விழும். ஒரு ராத்திரி கூப்பிட்டான். "அக்கா, நீங்க தமிழ் எம்.ஏ. படிச்சவங்க. டேஷ்போர்டுல போட நாலு நல்ல தமிழ் வார்த்தை சொல்லுங்க." வார்த்தை சொல்லப் போனவள் ஒரு கேள்வியோடு திரும்பினேன்.

அழைப்பு ஒன்று வந்தால் டேட்டாபேஸில் ஒரு வரி விழுகிறது. எப்போது வந்தது, எத்தனை வினாடி காத்திருந்தது, யார் எடுத்தது, எவ்வளவு நேரம் பேச்சு. கடைசியில் ஒரு குறி. போனை வைத்ததும் அந்தப் பெண் பட்டியலிலிருந்து ஒரு குறியைத் தட்டியாக வேண்டும். தட்டினால்தான் அடுத்த அழைப்பு. பத்து வினாடிக்கு ஒருமுறை க்வெரி போய் இந்த வரிகளைக் கேட்கிறது: முடிந்தது எத்தனை, நிற்பது எத்தனை? பதில் உடனே திரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ எரிகிறது. 20 வினாடிக்குள் 80 விழுக்காடு அழைப்பை எடுத்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் இலக்கு. அன்றைக்குத் திரை முழுக்கப் பச்சை.

பச்சைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெயரை மறைத்துக்கொண்டு நாலு வரி காட்டினான். நாலும் ஒரே அம்மா. பிணம் தூக்கிப் போகும் வழியை ஊர்த்தெருக்காரர்கள் மறிக்கிறார்கள் என்பது குறை. எங்கள் பக்கம் வரப்பு தாண்டினால் தமிழ்நாடு. வீடு இந்தப் பக்கம், மறித்த இடம் அந்தப் பக்கம். முதல் அழைப்பு: 'எல்லைக்கு வெளியே, முடிந்தது.' இரண்டாவது: 'தகவல் தரப்பட்டது, முடிந்தது.' மூன்றாவது: 'துறைக்கு அனுப்பப்பட்டது, முடிந்தது.' நாலாவதில் அந்த அம்மா காத்திருந்து அலுத்து வைத்துவிட்டார். அதற்கும் ஒரு குறி. காத்திருப்பின் சராசரியோ எடுத்த அழைப்புக்கு மட்டும்தான். அலுத்துப்போனவர் அதில் சேர்த்தி இல்லை. முடிந்தது மூன்று. வழி திறக்கவில்லை.

"க்வெரி தப்பா இல்லக்கா. கேட்டதுக்குத்தான் பதில் சொல்லுது" என்றான். உண்மைதான். அழைப்பு முடிந்ததா என்று கேட்டார்கள், முடிந்தது என்றது. குறை தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அட்டவணையில் சாதி என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆனாலும் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தீர்மானிக்கிற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் 'பேசி முடிச்சாச்சு' என்பார்களே, யாரோடு பேசினார்கள்?

எண்ணுவதே சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. 1932இல் லோத்தியன் குழுவின் முன் சில மாகாணங்களில் தீண்டப்படாதார் இல்லவே இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான் என்று வாதம் வைத்தார்கள். அம்பேத்கர் எதிர்த்து நின்றது அந்த எண்ணிக்கைக்காகத்தான். எண்ணப்படாதவனுக்குப் பங்கு இல்லை. 2021 டிசம்பரில் வன்கொடுமைக்கென்றே 14566 என்ற தேசிய உதவி எண் வந்தபோது, ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரு பதிவு எண் உண்டு என்றார்கள். அது தேவைதான். என் கேள்வி வேறு. ஒருவரின் துயரம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் உரிமை யாருடையது? கேட்டவருடையதா, சொன்னவருடையதா?

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிந்தைய நாலாம் பிரிவு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதிய அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைச் சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும். வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அது குற்றம். எழுதியது சரியா என்று சொல்லும் அதிகாரம், சொன்னவருக்கு. திறப்பதற்கு இருக்கும் இந்த அறம் மூடுவதற்கு மட்டும் ஏன் இல்லை?

விடியும்வரை உட்கார்ந்தோம். தம்பி அழைப்புக்கு ஒரு அட்டவணை, குறைக்கு ஒரு அட்டவணை என்று பிரித்தான். ஒரே குறைக்கு நாலு அழைப்பு வந்தாலும் குறை ஒன்றுதான். திரும்பக் கூப்பிட்டுப் படித்துக் காட்டி, அவர் 'ஆமா, தீந்துது' என்றால் மட்டுமே அது முடியும். அதுவரை எத்தனை நாளாக நிற்கிறது என்பது திரையின் தலையில். நான் கொடுத்த வார்த்தைகள் இரண்டு: 'பேசியாயிற்று', 'தீரவில்லை'. பச்சை பெரும்பாலும் சிவப்பாகிவிட்டது. மேலாளருக்குக் கோபம், சிவப்பைக் காட்டினால் ஒப்பந்தம் போய்விடுமாம். பழையபடி மாற்று, இல்லையென்றால் வேலையை விடு என்று நிற்கிறார். தம்பிக்கு வீட்டில் அம்மா, தங்கை. மாற்றாதே என்று சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை. ஆனால் 'நான் எழுதுனது வெறும் க்வெரிதானே' என்று அவன் இப்போது சொல்வதில்லை.

அந்த அம்மா ஐந்தாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிடாதவருக்கு வரி விழாது. திரைக்கு அது அமைதி. பிறகு அவரே எங்கள் கூட்டத்துக்கு வந்தார். அவரோடு காவல் நிலையம் போனோம். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் சொல்லலாம் என்று 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னோம். 'வாய்த்தகராறு' என்ற இடத்தில் அந்த அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். "தகராறு இல்லீங்க. வழிய மறிச்சாங்க. அப்படியே எழுதுங்க."

அடித்துவிட்டு அப்படியே எழுதினார்கள்.