கல்வியில் நடுவுநிலை யாது?

கல்வி யாவர்க்கும் பொது என்பதனை மறுப்பார் இக்காலத்து இலர். மறுப்பார் இலராகவே, அப்பொதுமை எத்தன்மைத்து என விசாரிப்பாரும் அரியராயினர். எல்லா மாணாக்கர்க்கும் ஒன்றையே அளப்பது நடுவுநிலையோ, அவரவர் குறைக்கு ஏற்ப அளப்பது நடுவுநிலையோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இலங்கையிலே 1945ஆம் வருஷம் ஒக்டோபர் மாதம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்கள் தலைமையிலே கூடிய விசேஷ குழுவின் 1943ஆம் வருஷத்து அறிக்கையே அதற்கு மூலம். மத்திய வித்தியாலயங்களும், அவற்றிற்கு வறிய பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் பரீக்ஷையும் அம்மரத்தின் கிளைகள். பெருந்தருமம் என்றே சொல்லத்தகும். ஆயினும், வத்தேகமவுக்கு மேலே பன்வில முதலிய மலைச்சாரல்களிலும், மலைநாடெங்கும் உள்ள தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தார் கையிலேயே கிடந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றிலே ஓர் அறை, ஓர் உபாத்தியாயர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முற்றும். அரசாங்கம் அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களிலேதான். மழை முதலிற் பெய்வது மலையிலே என்பர். இந்த மழையோ மலையை எய்த ஏறத்தாழ முப்பது வருஷம் பிந்திற்று.

இனி, இன்று நிகழ்வதனைப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீக்ஷைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் சிறார் தோற்றுகின்றனர். வினாத்தாள் ஒன்றே, நேரமும் ஒன்றே. ஆதலின் அது நடுவுநிலை என்பர். சில வருஷங்களுக்கு முன் அப்பரீக்ஷைக்குப் பயிற்றும் மாதிரி வினாத்தாள் ஒன்றை என் வகுப்பிலே கொடுத்தேன். நகரத்து மாளிகையொன்றிலே 'லிப்ட்' என்னும் ஏற்றப்பொறி எத்தனை மாடி ஏறி எத்தனை மாடி இறங்கிற்று என்பது ஒரு கணக்கு. கொழுந்து பறிப்பவள் மகளாகிய சிறுமி ஒருத்தி பென்சிலை வைத்துவிட்டு, "சேர், லிப்டுன்னா என்னாங்க?" என்றாள். தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டும் மேன்மாடத்துக்கு மூட்டை ஏற்றும் பொறியைக் கண்டிருக்கிறாயா என்றேன். "ஆமாங்க சேர்" என்றாள். அரை நிமிஷத்துள் விடை எழுதினாள். கணக்கு அவளுக்குத் தெரியாததன்று, மாளிகைதான் தெரியாதது. பரீக்ஷை மண்டபத்திலே அதனைச் சொல்ல நான் இரேன். அங்கே அவள் பெறும் சூனியம் கணிதத்துக்கு இட்டதா, வறுமைக்கு இட்டதா?

நம்மவருள் ஒரு சாரார் இதற்கு ஒரு சமாதானம் சொல்வர்: அவரவர் வினைப்படி அவரவர் பிறந்தார், நாம் என் செய்வது என்று. இதனைக் கேட்குந்தோறும் எனக்கு நாணம் வரும். சித்தாந்தம் அறிந்தார் வாயில் வரத்தக்க சொல்லன்று இது. அப்பிள்ளை நுகர்வது பிராரத்தமே ஆகுக. அதனைக் கண்டும் கைகட்டி நிற்போர்க்கு அந்நிற்றலே ஆகாமியமாய் ஏறாதோ? காய்ச்சலும் வினைப்பயன் என்று சொல்லி, தம் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து கொடாதிருப்பார் எவரையும் யான் கண்டிலேன். யான் பாதிரிமார் தாபித்த கலாசாலையிலே கற்றவன். அவர் சமயத்தோடு எனக்கு வழக்கு உண்டு. ஆயினும், வாயிலிலே வந்து நின்ற பிள்ளையின் வினையை அவர் விசாரித்ததில்லை. நாவலரவர்களும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றபின்னரன்றோ 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைத்தலாகாது. அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டும் என்னும் கட்டளை 1929ஆம் வருஷத்தையொட்டிப் பிறந்தபோது, யாழ்ப்பாணத்திலே பாடசாலைகள் சில தீக்கிரையாயின. எதிர்த்தாருட் சைவாபிமானிகளும் இருந்தனர். திருநீறு தரித்த நெற்றியோடு ஒரு குழந்தையை நிலத்தில் இருத்தியவர், பிறர் செய்யும் பக்ஷபாதத்தை எந்த வாயாற் கண்டிப்பது?

அற்றேல், குறைக்கேற்ப அளப்பதெல்லாம் நீதியாமோ எனின், ஆகாது. 1970களின் தொடக்கத்திலே சர்வகலாசாலை அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தது. தமிழ்மொழியிலே பரீக்ஷை எழுதினோர் சிங்களமொழியிலே எழுதினோரினும் கூடிய புள்ளி பெறவேண்டியவராயினர். அதுவும் சமநீதியின் பெயராலேயே செய்யப்பட்டது. ஆனால் அங்கே நோக்கப்பட்டது பிள்ளையின் குறையன்று, அவன் எழுதிய மொழி. 1974இலே வந்த மாவட்டப் பங்கீடு வேறு வகையினது. நூலகமும் விஞ்ஞானகூடமும் இல்லாத மாவட்டத்தார்க்கு அது கதவு திறந்தது, பின்தங்கிய தமிழ் மாவட்டங்கட்கும் கூடவே. இரண்டையும் ஒன்றெனக் கூறி வைவார் நம்முள்ளே பலர். யான் அவ்வாறு கூறேன்.

இன்று பெரும்பாலான துறைகட்கு நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டக் குடித்தொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்கட்கும் உரியன. இவ்வளவுகோலின் குறையை எங்கள் ஊரிலிருந்து பார்த்தாற் காணலாம். கண்டி நகரத்துப் பெயர்பெற்ற கல்லூரிகளும் பன்விலத் தோட்டத்து லயமும் ஒரே மாவட்டம். நகரத்துப் பிள்ளைக்கு மூன்று பிரத்தியேக வகுப்பு; தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழிலே பௌதிகம் போதிக்க ஆசிரியர் கிடைப்பதே அரிது. மாவட்டத்தை அளந்தவர் பாடசாலையை அளந்திலர்.

முழுமையான கல்வி என்பதும் இதனோடு பிணைந்தது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என உடலையும் உள்ளத்தையும் அறிவையும் படிப்படியே பண்படுத்தும் நெறி நம்முடையது. அதிலே கையாற் செய்யும் திருத்தொண்டு இழிந்ததன்று. 1930களிலே கண்டிக்கு அணித்தாகிய ஹந்தெஸ்ஸவிலே தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் உழவையும் சுகாதாரத்தையும் பாடத்தோடு இணைத்தது. அது நிலைபெறவில்லை. ஆங்கிலம் உள்ளவனுக்கு, மண்வெட்டி இல்லாதவனுக்கு என்ற பிரிவு இருக்குமளவும் எந்த ஏழை தன் மகன் கையில் மண்வெட்டியை மனமுவந்து கொடுப்பான்? ஆகவே கைத்தொழிலைப் பாடமாக்கப் புகுவோர், அதனை நகரத்துப் பெரிய கல்லூரியிலே முதலில் வைக்கக்கடவர்.

அரசாங்கம் செய்வது செய்க. உபாத்தியாயர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ இருக்கின்றது. பலவற்றிலே மண்டபமும் மின்விளக்கும் உண்டு. மாலை இரண்டு மணி நேரம் அதனைப் பிள்ளைகள் படிப்பதற்குத் தருமாறு ஒரு கோயிற் பரிபாலகரை யான் கேட்டேன். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபம் என்றார். மறுபடியும் கேட்பதாக இருக்கிறேன். இம்முறை இன்னும் இருவரை உடன் அழைத்துப் போவேன்.