முறைத் தண்ணீர்

இரண்டாம் போகத்து அறுவடை முடிந்து, தாள் நின்ற வயல்களில் கிடை ஆடுகள் இறங்கி, மலையோரத்து இலவமரங்களில் காய் வெடித்துப் பஞ்சு காற்றோடு பறக்கத் தொடங்கும் பங்குனி மாதத்தில், வாய்க்கால் கரையோரமாக மாலை வேளைகளில் நடந்து போவதும், வழியில் ஏதேனும் ஒரு மடையின் மேல் சற்று உட்கார்ந்து இளைப்பாறுவதும் எனக்கு வெகுகாலமாய் இருந்துவந்த வழக்கம். அப்படி உட்காரும்போதெல்லாம் என் பாட்டனாரின் நினைவும், அவரோடு சேர்ந்து ‘முறை’ என்ற ஒரு சொல்லின் நினைவும் தவறாமல் வரும். பத்து வயதுச் சிறுவனாய் இருந்த என்னை நடுச்சாமத்தில் எழுப்பி, கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்து, தாம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு அழைத்துப் போவார். இந்த வேளையில் எதற்கு என்று நான் சிணுங்கினால், “இன்னைக்கு நம்ம முறைடா” என்பதற்கு மேல் அவர் வியாக்கியானம் செய்ததில்லை. தண்ணீர் நம் மடைக்கு வருகிற நேரம் இரவு இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். நமக்கு அப்போது விழிப்பு வந்ததா, வேலையில் நாட்டம் இருந்ததா என்று வாய்க்கால் விசாரிப்பதில்லை. நாம் போய் மடையைத் திறக்காவிட்டால் நம் பயிர் மாத்திரம் காயும். திறந்த மடையை வேளையோடு அடைக்காவிட்டாலோ நமக்குக் கீழே இருப்பவன் பயிர் காயும்.

அந்த வாய்க்காலில் ஓடுவது பெரியாற்றுத் தண்ணீர். பொறியாளர் பென்னிகுக், மேற்கே ஓடிய அந்த ஆற்றை அணை கட்டி மறித்து 1895இல் கிழக்கே திருப்பிவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இன்று அந்த நீரை நம்பியிருக்கிறது. அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு, அவருடைய பிறந்த நாளில் பொங்கல் வைக்கிற எங்கள் ஜனங்களின் நன்றியறிதல் போற்றத்தக்கதே. ஆயினும் அணை தண்ணீரைக் கொண்டுவருமே ஒழிய, அதைக் கடைமடை வயல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது முறை ஒன்றுதான் என்பதையும், அந்த முறையை யாரென்று பெயர் தெரியாத ஆயிரம் பேர் நடுச்சாமத்தில் எழுந்து காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதையும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்தச் சொல் தண்ணீரோடு நின்றுவிடுவதும் இல்லை. மாமன் முறை, மச்சான் முறை என்று உறவுக்கு அதுவே பெயர். கலியாணத்திலும் காதுகுத்திலும் நாம் செய்ததும் நமக்குச் செய்யப்பட்டதும் ‘செய்முறை’. அதற்குக் கணக்கு நோட்டு உண்டு, அதில் பிசகினால் பகையும் உண்டு. கோயில் பூசைக்கு முறைகாரர் உண்டு. திருவிழாவிலோ இன்ன நாள் இன்னாருடையது என்று மண்டகப்படி வகுத்திருக்கிறது. பள்ளிவாசலில் ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியை நாளுக்கு ஒருவராய் ஏற்றுக்கொள்வதும் முறையன்றி வேறென்ன? சில வருஷங்களாக அந்த நோன்பும் எங்கள் லெந்து நாட்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதால், எங்கள் உத்தமபாளையத்தின் இளவேனிற்கால மாலைகள் இரு வேறு கஞ்சிகளின் வாசனையால் நிறைந்திருக்கின்றன என்று சொன்னால் அது அதிகப்படியான வர்ணனை ஆகாது.

லெந்து காலம் என்று நாங்கள் சொல்வது, சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்தெழுந்த ஞாயிறு வரைக்கும் உள்ள தபசு நாட்களை. மேல்நாட்டார் வசந்தம் என்று கொண்டாடுகிற இந்தப் பருவம் எங்களுக்கு வெயில் ஏறுகிற பருவம். வயல் வேலை ஓய்ந்து கைகள் சும்மா இருக்கிற பருவமும் அதுவே. ஆகையால்தானோ என்னவோ, சபையின் பணிகளெல்லாம் இந்த மாதங்களில்தான் திரண்டு வந்து நிற்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்துக்குப் பின் கஞ்சி காய்ச்சி ஊற்ற வேண்டும். குருத்தோலை ஞாயிற்றுக்குத் தென்னங்குருத்து வெட்டிவந்து பிள்ளைகளுக்குச் சிலுவை முடையக் கற்றுக்கொடுக்க வேண்டும். உயிர்த்தெழுந்த ஞாயிற்றின் விடியலுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் நெருஞ்சியும் பார்த்தீனியமும் களைந்து, பாதை செதுக்கி, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் வேதாகமப் பள்ளி. அதற்குச் சர்வ மதத்துப் பிள்ளைகளும் பாட்டுக்காகவும், அதைவிட முக்கியமாய்ச் சுண்டலுக்காகவும், திரளாய் வந்துவிடுவார்கள். இவற்றுக்கெல்லாம் ஆள் குறிக்கும் நீளமான நோட்டு ஒன்று உண்டு. சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிற்றில் காரியதரிசி அதை வாசிக்கும்போது, உபதேசத்தின்போது கண்ணயர்ந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த நோட்டின் மேலட்டையில் யாரோ ஒரு வாலிபர் இவ்வருஷம் ‘தன்னார்வலர் பட்டியல்’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தார். பழைய அட்டையில் ‘முறை நோட்டு’ என்றுதான் இருந்தது. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சொல் மாறினால் சும்மா இருக்க முடியாத சுபாவம். தன்னார்வம் என்பது நல்ல சொல்லே. ஆயினும் அது ஆர்வத்தை மூலதனமாய்க் கொண்ட சொல். ஆர்வம் உள்ளவன் வருவான் என்று அது சொல்கிறது. ஆர்வம் தீர்ந்த மறுவாரம் என்ன செய்வது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யக் கூப்பிட்ட முதற் சனிக்கிழமை நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். மண்வெட்டிகள் போதவில்லை, புகைப்படங்கள் மாத்திரம் போதுமான அளவு எடுக்கப்பட்டன. இரண்டாவது சனிக்கிழமை ஒன்பது பேர். மூன்றாவது சனிக்கிழமை வந்தவர்கள், நோட்டில் அன்றைக்கு முறை எழுதப்பட்டிருந்த மூன்று பேர். சுண்ணாம்பு அடித்தவர்கள் அவர்கள்தாம்.

முறை என்ற இச்சொல்லைப் பற்றி நான் நினைக்கும்போதெல்லாம், பரிகாசத்தில் பிறந்த ஒரு பெயர் என் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சகோதரர்கள் இருவரும் அவர்களுடைய சிநேகிதர் சிலரும் குறித்த நேரத்தில் ஜெபித்து, குறித்த நாளில் உபவாசம் இருந்து, 1730 முதலாகக் குறித்த கிழமைகளில் சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்து வந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் புண்ணியம் செய்கிற இவர்களைக் கண்டு நகைத்த சக மாணாக்கர் ‘மெதடிஸ்ட்’ என்று பெயரிட்டார்கள். தமிழில் சொன்னால், முறைக்காரர். ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் அந்த ஏளனத்தைக் கழற்றி எறியாமல் தரித்துக்கொண்டார்கள்.

எங்கள் பகுதிச் சபைகள் வெஸ்லி வழி வந்தவை அல்ல. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் வழி வந்தவை. ஆனால் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னைச் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்ட் சபையாரும், எங்கள் முன்னோர் அங்கம் வகித்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடித் தென்னிந்தியத் திருச்சபையை ஸ்தாபித்தபோது, வெஸ்லியின் சொத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. தமிழருக்கும் மெதடிஸ்டுகளுக்கும் உள்ள பழக்கம் அதற்கு வெகு முந்தியது. 1814இல் இலங்கையில் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனார் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கூடங்கள் வைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த பின்பே ஆறுமுக நாவலர் வெளியே வந்து சைவத்துக்காக அந்த மிஷனாரையே எதிர்த்து வாதாடினார். அந்த நாவலர்தாம் 1870களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சமயவாதங்கள் ஆறிப்போன பின்னும் கஞ்சியின் சூடு எப்படியோ தங்கிவிடுகிறது.

வெஸ்லியின் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அவருடைய பிரசங்கமல்ல. ஒரு கடன் விவகாரம். பிரிஸ்டல் நகரத்தில் கட்டிய கூடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று 1742இல் ஆலோசித்தபோது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி கொடுக்கட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அநேகருக்கு அதற்கும் சக்தி இல்லையே என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். “அப்படியானால் மிக ஏழைகளான பதினொருவரை என் கணக்கில் எழுதுங்கள். நானே வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவர்களால் இயலாததை நான் போட்டுவிடுகிறேன்” என்றார் யோசனை சொன்னவர். அவ்விதமே பன்னிரண்டு பேருக்கு ஒருவராய்ப் பென்னி வாங்கப் போனவர்கள், போன வீடுகளில் நோயையும் சண்டையையும் குடியையும் பசியையும் கண்டு வந்து சொன்னார்கள். கடன் வசூலுக்காக ஏற்பட்ட முறை, நாளடைவில் அந்தச் சபையின் உயிர்நாடியாயிற்று. அன்பு பெருகி அதனால் வீடுவீடாய்ப் போனவர்கள் அல்லர் அவர்கள். கணக்குக்காகப் போனார்கள், போன இடத்தில் அன்பு அகப்பட்டது.

என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் களைந்து பானையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து அடுக்களை மூலையில் இருந்த கலயத்தில் இடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். இதற்காக அவள் உருகியோ நெகிழ்ந்தோ நான் கண்டதில்லை. சில நாட்களில் எங்களைத் திட்டிக்கொண்டேதான் அந்தப் பிடியை எடுப்பாள். பிடி அரிசி தமிழ்நாட்டில் ஒரு மதத்துக்கு மாத்திரம் சொந்தமன்று; காஞ்சிப் பெரியவர்களும் அதையே தம் அடியார்களுக்கு உபதேசித்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, முறைக்கு எதிராக உள்ள வழக்கையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸ்போர்டில் அத்தனை ஒழுங்காய் வாழ்ந்த அதே வெஸ்லி, அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யப் போய்த் தோல்வியுற்றுத் திரும்பினார். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே நியமங்களை மட்டும் அனுஷ்டித்தவனாகத் தம்மையே நொந்துகொண்டார். 1738 மே 24ஆம் தேதி மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனல் கொண்டது என்பது அவர் வரலாற்றின் பிரசித்தமான கட்டம். ஆகவே, உள்ளம் இல்லாத முறை வறண்ட வாய்க்கால்தான் என்று வாதிப்பவர்களுக்கு அவரே சாட்சி. ஆனால் அனல் கொண்ட பின்பு அவர் நியமங்களை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1785 ஜனவரியில், எண்பத்தோரு வயதில், ஏழைகளுக்கு வஸ்திரம் வாங்க இருநூறு பவுன் திரட்டுவதற்காக, லண்டன் வீதிகளில் கணுக்கால் அளவு உருகி நின்ற பனிநீரில் ஐந்து நாட்கள் நடந்து யாசித்தார். அந்தக் குளிரின் கடுமையை நான் அறியமாட்டேன்; இங்கே வெள்ளையாய்ப் பறப்பது இலவம்பஞ்சு ஒன்றுதான்.

உள்ளம் வேண்டும் என்ற கட்சியில் நானும் ஒரு காலத்தில் தீவிரமாக இருந்தவன். ஓய்வு பெற்ற புதிதில், கண்பார்வை போய்விட்ட ஒரு கிழவிக்குப் புதன்கிழமைதோறும் மாலையில் வேதம் வாசித்துக் காட்டும் முறை எனக்கு எழுதப்பட்டது. இளமையெல்லாம் ஏலத்தோட்டத்தில் காய் பறித்து உழைத்தவள். சில வாரங்கள் உற்சாகமாகப் போனேன். ஒரு புதன்கிழமை வீட்டில் ஏதோ மனஸ்தாபம், மனம் ஒட்டவில்லை. மனம் இல்லாமல் போய் வேதம் வாசிப்பது கபடம் அல்லவா, அதைவிடப் போகாமல் இருப்பதே உத்தமம் என்று எனக்கு நானே ஒரு தத்துவத்தை உண்டாக்கிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். மறுவாரம் போனபோது, நடந்ததை மறைக்காமல், ஆனால் என் தத்துவத்தையும் சற்றுப் பெருமையோடு சேர்த்தே சொன்னேன். கிழவி சிரித்தாள்.

“மனசோட வந்தீகளா, மனசில்லாம வந்தீகளான்னு எனக்கென்னய்யா தெரியப்போகுது, கண்ணா தெரியுது? வராமப் போனாத்தேன் தெரியும்.”

திண்ணையைப் பெருக்கி, எனக்கென்று ஒரு பாயை விரித்து, விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பதை அடுத்த வீட்டார் பிற்பாடு சொல்லி அறிந்தேன். அதற்குப் பிறகு அவள் காலமாகும்வரை ஏழு வருஷம் போனேன். எத்தனை புதன்கிழமை மனத்தோடு, எத்தனை மனம் இல்லாமல் என்று என்னிடம் கணக்கு இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்கு முறை எழுதப்பட்டிருக்கிறவர்களில் நாலு பெண்கள், விடியற்காலை நாலரை மணிக்கு ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் பகலெல்லாம் குனிந்து வேலை செய்து, மாலை ஆறு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள். தூக்குவாளியோடு நேரே கோயில் அடுப்படிக்கு வருகிறார்கள். நேரம் நிரம்ப உள்ளவர்கள் பலர் நேரமில்லை என்று பெயர் நீக்கிக்கொண்ட அதே நோட்டில், நேரமே இல்லாத இவர்கள் பெயர் எட்டு வருஷமாக அடிபடாமல் இருக்கிறது. காரணம் கேட்டேன். “எங்க முறையாச்சே, சார்” என்றாள் ஒருத்தி, உலையில் பாசிப்பருப்பைக் கொட்டிக்கொண்டே.

வருஷத் துவக்கத்தில் எங்கள் சபையில் நடக்கிற உடன்படிக்கை ஆராதனை வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த வழக்கம். வேலை கொடுத்தாலும் சரி, வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தாலும் சரி, இரண்டையும் ஏற்கிறேன் என்ற கருத்துப்பட அதில் ஒரு பொருத்தனை உண்டு. பல வருஷங்களாக முதற்பாதியை மாத்திரம் கருத்தூன்றிச் சொல்லிவந்தேன். இவ்வருஷம் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கைவிட்டன. வாய்க்கால் கரை நடையும் நின்றது. சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிற்றில் காரியதரிசி நோட்டை வாசித்துக்கொண்டு வந்தார். கஞ்சி, குருத்து, கல்லறைத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து, வீடு சந்திப்பு என்ற தலைப்பை எட்டியபோது, வழக்கம்போல் என் பெயரை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். பெயர் வந்தது, ஆனால் போகிறவர்கள் வரிசையில் அல்ல. “புதன்கிழமை மாலை, வாத்தியார் வீடு” என்று வாசித்து, வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவனுடைய பெயரையும் வாசித்தார்.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். பொறுமை போதாதவன், பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போனைப் பார்ப்பவன். வேதம் வாசித்தால் அரைப் பக்கத்தை விட்டுவிட்டு வாசிப்பான் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை நாலு மணிக்கே திண்ணையைப் பெருக்கச் சொன்னேன். ஐந்து மணிக்கு நாற்காலி ஒன்றை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஐந்தரை தாண்டிச் சற்று நேரத்துக்கெல்லாம், தெருவில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற ஓசை கேட்டது.