ஒரு கிளிக்கை எங்கிருந்து எண்ணுவது?

1999 செப்டம்பரில் அமேசானுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. முகவரியும் கார்டு விவரமும் கடையில் ஏற்கெனவே இருந்தால் 'ஒரே செயலில்' பொருளை வாங்கிவிடலாம். ஒரு கிளிக் பண்ணா போதும். அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்கு. அவர்களுடைய இணையக் கடையிலும் அதே மாதிரி ஒரு வசதி இருந்தது.

காப்புரிமை ஆவணத்தின் முடிவில் எண்ணிட்ட வாக்கியங்கள் வரும். எது என் எல்லை என்று சொல்லும் உரிமைக்கோரல்கள். சண்டையெல்லாம் அந்த வாக்கியங்களின் மேல்தான்.

பட்டியலிலிருந்து புத்தகத்தின் பக்கத்துக்குப் போக ஒரு கிளிக், வாங்க இன்னொன்று, ஆக இரண்டு என்றது எதிர்த்தரப்பு. பொருளின் விவரம் திரையில் வந்த பிறகுதான் எண்ணவேண்டும், அப்போது ஒன்றுதான் என்றது அமேசான். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது.

வினை அங்கேதான். அமேசானுக்கு முன்பே கம்ப்யூசெர்வ் சந்தாதாரர்கள் பங்கு விலை வரைபடங்களை 50 சென்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். விலை போட்ட பொத்தானை அழுத்தினால் வரைபடம் வந்துவிடும். அது வலைத்தளமே இல்லை என்று கீழ்நீதிமன்றம் ஒதுக்கியிருந்தது. ஆனால் முக்கியமான கோரல்களில் 'வலை' என்ற சொல்லே கிடையாது. பின்னால் வந்தவனைப் பிடிக்க விரித்த சொல்லை, முன்னால் இருந்தவனைக் கண்டதும் சுருக்கக்கூடாது என்றது மேல்நீதிமன்றம். அமெரிக்க நீதிமன்றங்கள் இப்படி வளைப்பதை 'மெழுகு மூக்கு' என்கின்றன. 1886இல், இறால் பதப்படுத்தும் காப்புரிமை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொன்னது. (இறாலுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தமோ!) 2001இல் தடையுத்தரவு நீங்கியது. காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாகவில்லை, பலமான சந்தேகம் இருக்கிறது என்றுதான்.

என்னை உறுத்துவது வேறு. விரித்த வாசிப்பு தனியாகப் பொய்யில்லை. சுருக்கிய வாசிப்பும் தனியாகப் பொய்யில்லை. இரண்டையும் ஒரே ஆள் ஒரே சொல்லுக்குச் சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது. ஒவ்வொரு வாக்கியமாகச் சோதித்தால் அது அகப்படாது. சொல்கிறவருக்கே அகப்படாது என்பதுதான் பயம்.

நண்பன் ஒருவனின் சிறுகதையைப் படித்துவிட்டு, "இது என் கதைடா, அப்பாவின் சைக்கிள், கடைசியில் மழை, எல்லாமே இருக்கு" என்று போனில் கத்தினேன். அதற்கு முந்தைய வருடம் அதே கதையை, பழைய கதை ஒன்றின் சாயல் என்று ஒருவர் சொன்னபோது நான் தந்த பதில் நன்றாக ஞாபகமிருக்கிறது: "சைக்கிள், மழையெல்லாம் யார் வேணா எழுதலாம் சார், நடையைப் பாருங்க."

அவனிடம் இன்னும் பேசவில்லை.