வாயில்லாப் பயனாளி

பொதுப்பணத்தைச் செலவிடுவோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. யாருக்குக் காட்டுவது என்பதே வினா. பாடசாலைக்கு ஒதுக்கிய பணம் பாழாயின் பெற்றோர் கேட்பர். வைத்தியசாலைக்கு ஒதுக்கியது பாழாயின் நோயாளர் முறையிடுவர். சுண்டிக்குளக் கடனீரேரியை நாடிவரும் பூநாறைக்கென ஒதுக்கிய பணம் பாழாயின் கேட்பார் யார்? பறவை மறு ஆண்டு வாராது விடும். அம்முறைப்பாடு எந்தக் கோவையிலும் பதியப்படுவதில்லை.

இலங்கையில் வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கா, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான தீர்வையை வனவிலங்குப் பாதுகாப்பு மானியமாக மாநிலங்களுக்கு வழங்கச் சட்டஞ் செய்தது. 1950இல் தூண்டிற் கருவிகளின் தீர்வை மீன்வளத்துக்காயிற்று. மானியம் பெறும் மாநிலம் வேட்டை உரிமக் கட்டணத்தைப் பிற கருமங்களுக்குத் திருப்பலாகாது என்பது அதன் நிபந்தனை. அங்குக் கணக்காய்வாளர் இத்திருப்பத்தையும் தேடுவர். கொல்பவனே காப்பதற்குக் கணக்குக் கேட்கிறான்! நகைப்புக்குரியதாயினும், பணம் கொடுத்தவன் என்ற உரிமை அவனுக்குண்டு.

சுண்டிக்குளத்தில் அத்தகைய வேட்டைக்காரன் இல்லை, பணம் திறைசேரியினது. ஆயினும் வேறொரு வகையிற் கொடுப்பவன் அங்கும் உளன். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அந்நீர்ப்பரப்புப் பிரகடனப்படுத்தப்பட்டது. சரணாலயத்தினும் தேசியப் பூங்காவிற் கட்டுப்பாடு கடியது. வலை வீசும் இடம் சுருங்குந்தோறும் கடற்றொழிலாளி தன் பங்கைச் செலுத்துகிறான், வரியாகவன்று, இழப்பாக. அவ்விழப்பால் எப்பறவை பிழைத்தது, எம்மீன் பெருகிற்று என அறியும் உரிமை அவனுக்கில்லையா?

பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதால் இவ்வினா தீராது. வேலிக்கம்பி வாங்கியமைக்குச் சீட்டு இருக்கலாம், வேலியும் இருக்கலாம், நீர்வரத்து அடைபட்ட ஏரியிற் பறவை இராது. கணக்கு நேராயிருக்கக் கடமை தவறிவிடும். 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் செயலாற்றுகைக் கணக்காய்வையும் சூழற் கணக்காய்வையும் தன்னுள் அடக்கியது இக்குறையை நோக்கியே போலும்.

பறவைகளை எண்ணுதல் கணக்காய்வாளர் தொழிலன்று எனச் சிலர் மறுப்பர். மழை பொய்த்தாலும், வேற்று நாட்டு வாழிடம் அழிந்தாலும் தொகை குறையுமே. அதற்கு இவ்வூர் அலுவலர் எங்ஙனம் பொறுப்பாவார் என்பர். மறுப்பு நியாயமானதே. மழைக்கு எவரும் பொறுப்பல்லர். ஆயின் எண்ணிப் பார்த்தீரா, எண்ணியதைக் கரையில் உள்ளவர்க்குச் சொன்னீரா என்று அவ்வலுவலரை வினவலாம்.