காணாத ஆடு

புதிதாய் வார்த்த மணிக்கு இரத்தம் பூசும் சடங்கிற்காக இழுத்துச் செல்லப்பட்ட எருதொன்றின் நடுக்கத்தைக் கண்டு மனம் பொறாத ச்சீ நாட்டு மன்னன் சுவான், அதை விடுவித்து அதற்குப் பதிலாக ஓர் ஆட்டைப் பலியிடுமாறு கட்டளையிட்டான். சிக்கனத்தால் செய்தான் என்று ஜனங்கள் பேசினார்கள். சீன ஞானி மென்சியஸோ, மன்னன் எருதைக் கண்டான், ஆட்டைக் காணவில்லை, அதுவே காரணம் என்றார். கண்டதன்பால் எழும் அக்கருணையே நல்லாட்சியின் வித்து என்றும், மிருகத்தை எட்டிய அது குடிகளை எட்டாமல் நின்றதே குறை என்றும் அவர் மன்னனுக்கு உணர்த்தினார்.

காணாத ஆட்டின்பால் கடமை உண்டா என்னும் இவ்விசாரம், யாங்சி நதிக்கரையிலுள்ள வூஹு நகரத்துச் செரி நிறுவனத்தின் ஜே1 என்னும் சிறு ஹேட்ச்பேக் காருடன் கடல் கடந்தும் சென்றது. 2001இல் சிரியாவுக்குப் பத்துக் கார்களை அனுப்பி ஏற்றுமதியைத் தொடங்கிய அந்நிறுவனம், 2011இல் இக்காரை ஆஸ்திரேலியாவில் 11,990 டாலருக்கு விற்க முன்வந்தது. ஆனால், வழுக்கும் காரைத் தானே நிலைப்படுத்தும் மின்னணுக் கருவியை விக்டோரியா மாநிலம் அவ்வாண்டு ஜனவரி முதலே புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியிருந்தது. அக்கருவி இல்லாத ஜே1, அங்கே விற்பனைக்கு வராமல் மற்ற மாநிலங்களில் விற்கப்பட்டது. விக்டோரியாவின் வட எல்லையான மர்ரே நதியின் தென்கரையில் விற்கலாகாதது வடகரையில் விற்கலாயிற்று. மழையில் நனைந்த சாலையின் வழுக்கலோ இரு கரையிலும் ஒன்றே.

மறு ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலேயே தடை செய்யப்பட்ட ஆஸ்பெஸ்டாஸ், செரி, மற்றொரு சீன நிறுவனமான கிரேட் வால் ஆகியவற்றின் கார்களின் எஞ்சின் கேஸ்கெட்டுகளில் இருப்பது தெரியவந்து, ஏறத்தாழ 23,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுபவருக்கு அபாயமில்லை என்றார்கள். அபாயம் அந்தக் கேஸ்கெட்டைப் பிரித்தெடுக்கும் மெக்கானிக்குக்குத்தான். விற்றவனும் வாங்கியவனும் நினைத்தே பாராத மனிதன் அவன்.

இக்குற்றம் சீனத்துக்கு மட்டும் உரியதன்று. 2013இல் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறாத, ஜப்பானிய நிறுவனமான நிசானின் சுரு கார், மெக்சிகோவில் 2017 வரை தயாரிக்கப்பட்டது. குறைந்த விலையும் ஒருவகைக் கருணையே என்பதை நான் மறுக்கவில்லை. வேறு கார் வாங்க இயலாதவனுக்கு அது பேருதவி. ஆனால் எதை நீக்கி விலை குறைந்தது என்பதை அறியாதவனின் சம்மதம் எவ்வாறு சம்மதமாகும்?

எல்லோரையும் பேதமின்றி நேசி என்ற சீனச் சிந்தனையாளர் மோசியை மென்சியஸ் கடுமையாக மறுத்தார். தந்தைக்கும் அந்நியனுக்கும் ஒரே அன்பு என்பது மனித சுபாவத்துக்கு ஒவ்வாது என்பது அவர் கொள்கை. வீட்டளவில் நான் அவர் பக்கமே. வணிகனோ, கடல் கடந்து தேடிச் சென்று ஒருவனிடம் விலையைப் பெற்றுக்கொண்ட அந்தக் கணத்திலேயே அவனைத் தனக்கு அணுக்கமானவனாக்கிக்கொண்டவன். அதன் பின் தூரத்தைக் காரணம் காட்ட அவனுக்கு உரிமையில்லை. அவன் கருணை நீளாத இடத்தில் சட்டந்தான் நீள வேண்டியிருக்கிறது: 2013 நவம்பர் முதல், காரை நிலைப்படுத்தும் அம்மின்னணுக் கருவி ஆஸ்திரேலியா முழுவதிலும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று.