கூடத்தில் படுப்பது யார்

மூன்று தலைமுறைக்கும் சேர்த்துக் கப்பலில் அறை எடுக்க உட்காரும் குடும்பம் முதலில் சதுர அடியைப் பார்க்கிறது. பிறகு பால்கனியை, பிறகு விலையை. சோஃபாவைப் பார்ப்பவர்கள் குறைவு. ஓர் அறையில் ஆறு பேர் தங்கலாம் என்று கப்பல் நிறுவனம் போட்டிருந்தால், அந்த ஆறில் இரண்டு பேர் பெரும்பாலும் சோஃபாவில் படுக்கப் போகிறவர்கள். பகலில் எல்லோரும் அதில்தான் உட்காருவார்கள். ஈரத்துண்டு கிடக்கும், பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். இரவில் அறைப் பணியாளர் வந்து அதை இழுத்து விரித்து, வெள்ளை விரிப்புப் போட்டுப் படுக்கையாக்கிவிட்டுப் போவார். அதில் படுக்கப் போவது யார் என்று முன்பதிவுப் படிவம் கேட்பதில்லை. குடும்பம்தான் அதை முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் முடிவு செய்யும் வேலைகூட இல்லை. அது பாட்டிக்கு என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும்.

சிங்கப்பூரில் ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் நெருங்கும்போது இந்தப் பேச்சு வீடுகளில் எழும். மரினா பே கப்பல் முனையம் 2012இல் திறந்தது. வயதான பெற்றோரையும் கைக்குழந்தைகளையும் ஒன்றாக அழைத்துப்போகக் கப்பல்தான் தோது என்று நினைக்கும் தமிழ்க் குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் நினைப்பது சரிதான். ஊர் ஊராகப் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம். கால் வலிக்கும் பெரியவர் அறையிலேயே இருக்க, அறையே பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ போய்ச் சேர்ந்துவிடும்.

ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்' 2019இல் சீனக் குடும்பங்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட கப்பல். 2022இல் அது சிங்கப்பூரிலிருந்து பயணம் போகத் தொடங்கியது. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை 11 பேர் தங்குவதற்கென்று அதில் இரண்டு தளங்களில் ஒரு குடும்ப சூட் இருக்கிறது. மேல்தளத்திலிருந்து கீழே கூடத்துக்கு வழுக்கி இறங்கச் சறுக்குமரம் உண்டு. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் மூன்று தளங்களில், 8 பேருக்கு ஒரு வீடே கட்டியிருக்கிறார்கள். அதிலும் சறுக்குமரம். பிள்ளைகளின் மகிழ்ச்சியை இவ்வளவு கவனித்துக் கட்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஸ்பெக்ட்ரம் சூட்டில் இருப்பவை மூன்று படுக்கையறைகள். அறைக்கு இருவர் என்றால் ஆறு பேர் ஆயிற்று. பிள்ளைகளை நெருக்கிப் படுக்க வைத்தாலும் 11 பேரில் யாரோ சிலர் கூடத்துக்கு வரத்தான் வேண்டியிருக்கும்.

அந்த யாரோ ஒருவரின் இரவை நினைத்துப் பார்க்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. ஒன்பது மணிக்குக் கண்ணைச் சுழற்றும். ஆனால் அவர் படுக்க வேண்டிய இடத்தில் பேரன் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான். மகனும் மருமகளும் மேல்தளத்துக் காட்சி முடிந்து பதினொரு மணிக்கு வருவார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, விளக்கை அணைத்த பிறகுதான் கூடம் அவருடையதாகிறது. இரவில் இரண்டு முறை எழுந்திருப்பார். கழிவறை மகனின் படுக்கையறையை ஒட்டி இருந்தால், தண்ணீர் ஊற்றும் சத்தம் யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று பாதி இரவு அடக்கிக்கொண்டு கிடப்பார். அதிகாலை நாலரைக்கு விழிப்புத் தட்டிவிடும். வீட்டில் என்றால் விளக்கேற்றி, காப்பி போட்டு, திருநீறு பூசி உட்கார்ந்திருப்பார். இங்கே விளக்கைப் போட்டால் கூடம் முழுக்க வெளிச்சம். இருட்டில் உட்கார்ந்திருப்பார். எட்டு மணிக்குப் பேரப்பிள்ளைகள் எழுந்து வரும்போது அவர் படுக்கையை மடித்து, தலையணையை ஒதுக்கி, தான் அங்கே படுத்த அடையாளமே இல்லாமல் செய்திருப்பார்.

"பாட்டி நல்லாத் தூங்குனீங்களா?" என்று பேத்தி கேட்டால், "ரொம்ப நல்லா" என்பார்.

இவரிடம் முன்பே கேட்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டிருப்பார்கள்.

"அம்மா, உங்களுக்கு எந்த மாதிரி இடம் வேணும்?"

"எனக்கென்னப்பா, எங்கயாச்சும் ஒரு ஓரமாப் படுத்துக்குவேன். புள்ளைங்களுக்கு வசதியாப் பாரு."

இந்தப் பதிலை விருப்பம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, எல்லோரும் குளித்த பிறகு குளித்து, விருந்தாளி வந்தால் அறையை விட்டுக்கொடுத்து வாழ்ந்தவரின் வாயில் அது பழகிப்போன பேச்சு. அவருக்கு வேறு பதில் சொல்லத் தெரியாது. வேறு பதில் சொன்னால் மகன் கணக்குப் பார்க்க வேண்டிவரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கணக்கும் அவருக்கு எதிராகவே இருக்கிறது. கப்பல் கட்டணம் ஓர் அறைக்கு இருவர் என்ற அடிப்படையில் ஆளுக்கு இவ்வளவு என்று போடப்படும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. தனியாக ஓர் அறை எடுப்பவர் பல கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கான தொகையைக் கட்ட வேண்டும். துணைவரை இழந்த ஒரு பெரியவரைச் சோஃபாவில் படுக்க வைப்பது மலிவு. அவருக்கென்று ஒரு கதவு கொடுப்பது இரட்டிப்புச் செலவு. பாசமுள்ள மகனையும் இந்த விலைப்பட்டியல் மெல்ல மெல்லச் சோஃபாவின் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பெரிய சூட்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி கட்டும் குடும்பங்களிலும் இது நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருக்கப் போகிறோம் என்ற நிறைவு, யார் எங்கே கண் மூடப் போகிறார் என்ற கேள்வியை மூடி மறைத்துவிடுகிறது.

'ரஜூலா'வைப் பற்றிக் கேள்விப்படாத பழைய சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் குறைவு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிப் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கேபின் இல்லாத தளப் பயணிகள். பாயும் பெட்டியுமாக ஏறி, இடம் பார்த்து விரித்துக்கொண்டவர்கள். வெக்கையும் வாந்தியும் நெரிசலுமான அந்தப் பயணத்தை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் விரித்த இடம் சிங்கப்பூர் வரும் வரை விரித்தவருடையது. பக்கத்துப் பாய்க்காரர் உறங்குவதற்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் இல்லாதவர்களுக்கும் கிடைத்த அந்தச் சிறிய உரிமை, பணம் சேர்ந்த பிறகு நம் பெரியவர்களிடமிருந்து எப்படி நழுவிப்போனது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தரையில் இதே கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2013இல் மூன்று தலைமுறை வீடுகளை அறிமுகப்படுத்தியது. சுமார் 115 சதுர மீட்டர், நான்கு படுக்கையறைகள், மூன்று கழிவறைகள். அவற்றில் இரண்டு கழிவறைகள் படுக்கையறைக்குள்ளேயே இருக்கின்றன. வழக்கமாக வீட்டுத் தலைவரின் அறைக்கு மட்டும் இருந்த வசதி இங்கே இன்னோர் அறைக்கும் கிடைத்தது. அந்த இரண்டாவது கழிவறையை வரைந்தவர் ஒரு முதியவரின் இரவை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கூடத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கலாம், பார்க்க அழகாக இருந்திருக்கும். நெருங்கி வாழ்வதற்கு அவர்கள் ஒதுக்கியது கதவுள்ள ஓர் அறையையும் அதற்குள் ஒரு குழாயையும்.

பகலில் நாம் பெரியவர்களை நன்றாகவே மதிக்கிறோம். முன்வரிசையில் உட்கார வைக்கிறோம், முதல் தட்டை அவர்கள் முன் வைக்கிறோம், தீபாவளியன்று காலைத் தொட்டுக் கும்பிடுகிறோம். இவையெல்லாம் பொய்யில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு ஒருவரின் உறக்கம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் வீட்டில் அவருடைய இடம் என்ன என்பது தெரிகிறது. மற்ற எல்லோரும் ஓய்ந்த பிறகே ஓயக் கிடைக்கிறவர், மற்ற எல்லோரும் எழுவதற்கு முன் தன் படுக்கையைக் கலைத்துவிட வேண்டியவர், அந்தக் குடும்பத்தில் அன்பு பெறுகிறவராக இருக்கலாம்; இடம் பெற்றவராக இல்லை. அன்பு இருக்கும் இடத்தில் மற்றது தானாக வரும் என்று நம்பித்தான் தலைமுறை தலைமுறையாகப் பெண்களைக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறோம். அது தானாக வருவதில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து, செலவை ஏற்று, அதை ஏற்படுத்தித் தர வேண்டும்.

இப்படி யோசிக்கத் தொடங்கினால் கப்பலின் வரைபடமே வேறு மாதிரித் தெரியும். ஒரு பெரிய சூட்டைவிட, இடையில் கதவுள்ள இரண்டு மூன்று சாதாரண அறைகள் மேல் என்று பட ஆரம்பிக்கும். பால்கனி உள்ள ஓர் அறை சுமார் 200 சதுர அடிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிவறை உண்டு. நடுக்கதவைத் திறந்தால் ஒரே வீடு, சாத்தினால் தனித்தனி உறக்கம். பக்கத்துப் பக்கத்து பால்கனிகளின் தடுப்பைப் பல கப்பல்களில் பணியாளரிடம் சொன்னால் திறந்துவிடுவார். தனியாக இருக்கும் பாட்டியோடு ஒரு பேத்தி படுத்தால் இரட்டைக் கட்டணப் பிரச்சினையும் தீர்ந்தது. பேத்திக்கும் அது பிடிக்கும், முதலில் பாட்டிக்குப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டால் போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியலில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கழிவறை வாசலில் கால் தடுக்கும் உயர்ந்த விளிம்பு பல அறைகளில் உண்டு. சக்கர நாற்காலிக்கென்று அமைத்த அறைகளில் அது இருக்காது, கதவும் அகலம். அப்படிப்பட்ட அறைகள் ஒரு கப்பலில் சொற்பம் என்பதால் முதலில் தீர்ந்துபோகும்.

தாமதித்தால் வேறொன்றும் நடக்கும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் கடல் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வழியில் வந்த விதிகளின்படி, உயிர்காக்கும் படகுகளில் இடம் இருக்கும் அளவுக்குத்தான் ஆட்களை ஏற்றலாம். ஆகவே ஓர் அறையில் நாலாவது படுக்கை காலியாக இருந்தாலும், கப்பலின் அந்தப் பகுதிக்குரிய படகுகளின் கணக்கு நிறைந்துவிட்டால் நாலாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். துறைமுகத்தையும் பார்க்க வேண்டும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே அணையும், பெரியவர் நடந்தே கரையேறலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவது வழக்கம். முழங்கால் வலிக்காரர் அன்று கப்பலிலேயே தங்கிவிடக்கூடும். அந்த நாள் முழுவதும் அவர் இருக்கப்போவது அந்த அறையில்தான். பால்கனிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அன்று அர்த்தம் உண்டு.

சேர்ந்திருக்கத்தானே போகிறோம், தனித்தனிக் கதவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. என் பதில், நன்றாகத் தூங்கி எழுந்தவர்தான் பேச வருகிறார் என்பது. தனக்கென்று ஓர் அறை உள்ள பாட்டி காலைச் சாப்பாட்டு மேசைக்குத் தானே வந்து உட்கார்ந்து பழைய கதையை எடுக்கிறார். கூடத்தில் படுத்தவரோ ஏற்கெனவே எல்லோர் நடுவிலும் பன்னிரண்டு மணி நேரம் இருந்து களைத்துப்போனவர்.

அவரிடம் கேட்கும் முறையையும் மாற்ற வேண்டும். எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்டால் அதே பழைய பதில்தான் வரும். தனியாக இருக்கும்போது, "ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, விளக்கு வேணுமா, பக்கத்துல யாராச்சும் இருக்கணுமா?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். சிலர் தனியறை பயம் என்பார்கள். சன்னல் இல்லாத உள்ளறையே போதும், இருட்டாக இருந்தால்தான் உறக்கம் வரும் என்பவரும் உண்டு. அதுவும் அவருடைய தேர்வு, விலை குறைவு என்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இதோடு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஆனால் இங்குள்ள பல குடும்பங்கள் கப்பலுக்குப் பணிப்பெண்ணையும் அழைத்துப்போகின்றன. குழந்தை இரவில் அழுதால் எழுந்திருப்பது அவர்தான். பாட்டிக்குத் தனி அறை கிடைத்ததும் சோஃபா காலியாகிறது. அது பேச்சே இல்லாமல் பணிப்பெண்ணுக்குப் போகிறது. அவரும் ஓர் ஆளுக்கான கட்டணத்தில், கடப்பிதழோடு, கப்பலின் பெயர்ப்பட்டியலில் இருக்கிற பயணி. பாட்டியிடம் கேட்ட அதே மூன்று கேள்விகளை அவரிடமும் கேட்டு, அவர் எங்கே படுப்பார், எத்தனை மணிக்குப் படுப்பார் என்பதையும் எழுதிய பிறகே அறைகளுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.