ஒப்புதலும் அறமும்: கலாத்தியா விரிகுடாவை முன்வைத்து

பெரிய நிக்கோபார்த் தீவின் தென்பகுதியிலுள்ள கலாத்தியா விரிகுடா, ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கரையாகும். 1997இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்ற இவ்விடம், 2021 சனவரியில் அத்தகுதியை இழந்தது. 2022 சனவரியில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடைபெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சரக்குப்பெட்டகத் துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பெற்றது. வினா எழுப்பப்படுமுன்பே விடைக்குத் தடையாயிருந்த காப்பு நீக்கப்பட்டமை இவ்வரிசையால் புலனாகும். விதிமுறை நிறைவுற்றதெனினும் அதனாலேயே ஒரு செயல் அறமாகுமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

கருத்துக்கேட்பு பேசவல்லாரை முன்னிறுத்திய ஏற்பாடு. ஆமை பேசாது, வெளியார் தொடர்பைப் பெரிதும் தவிர்த்து வாழும் ஷோம்பேன் மக்கள் அவையேறி வழக்குரையார். அவர்தம் மௌனத்தை உடன்பாடெனக் கொள்ளுதல் எளிது, நேர்மையன்று.

ஈடு பற்றிய கருத்தும் அத்தகையதே. 130.75 ச.கி.மீ. காட்டிற்கு மாற்றாக அரியானாவில் மரம் வளர்க்கத் திட்டமிடப்பட்டது. நிலத்தை முதற்பொருளாகவும், விலங்கையும் மரத்தையும் கருப்பொருளாகவும் கொண்ட திணைக்கோட்பாட்டைப் பயின்றோர் இதன் பிழையை உணர்வர்: முதல் வேறாயின் கருவும் வேறாம்.

மலாக்கா நீரிணைக் கப்பல்வழிக்கு அண்மையில் துறைமுகம் வேண்டுவது தவறன்று. ஆயின், 2004 ஆழிப்பேரலையில் சிதைந்த அக்கரையில் மணல் மீண்டும் சேர, ஆமைகளும் மீண்டன. கட்டுமானத்தால் நேரும் இழப்பு அவ்வாறு மீளாது. எனவே ஒப்புதல் தருவோர் ‘விதிகள் நிறைவுற்றனவா?’ என்பதோடு அமையாது, ‘வேறிடம் உண்டா?’ எனவும் வினவுதல் கடனாம்.